தொண்டை கட்டிய வாரம்

அலுவலகத்தில் பயிற்சி மேலாளரான அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘மைக்’. வீட்டில் அந்த மைக்கை அணைக்க ஆளில்லை. இரவுச் சாப்பாடு என்றால் அவருக்குக் கூட்டம்: முதலில் மகளின் மதிப்பெண், அடுத்து அவள் உட்காரும் விதம், நேரமிருந்தால் அவள் எதிர்காலம். பதினைந்து வயது மகள் தட்டை அறைக்குத் தூக்கிப் போய், பாதியைக் கொட்டிவிட்டு, தலையணைக்கடியில் இருக்கும் பிஸ்கட்டால் வயிற்றை நிரப்பத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா, இவளை எப்படி மேசைக்குக் கொண்டுவருவது என்று தவித்தாள். அப்பாவோ அப்போதே மூன்று நிறத்தில் ஓர் உணவு அட்டவணை தயாரித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு நிம்மதியாகிவிட்டார்.

அவரைத்தான் மனமகிழ் மன்றத்தில் ‘குடும்பத்தோடு உண்போம்’ என்று பேசக் கூப்பிட்டார்கள். குளியலறையில் நான்கு நாள் ஒத்திகை. தொண்டை போயே போய்விட்டது. “ஒரு வாரம் மூச்! கிசுகிசுக்கக்கூடக் கூடாது” என்றார் டாக்டர். பேச்சு தள்ளிப்போனது.

அன்றிரவு மகள் வழக்கம்போலத் தட்டைத் தூக்கினாள்.

“இங்கேயே உக்காருடி. இன்னைக்கு ஒலிபரப்பு இல்ல” என்றாள் அம்மா.

மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அப்பா ஒரு தாளில் ‘கணக்கில் எவ்வளவு?’ என்று எழுதி நீட்டினார். அவள் வாங்கி, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள்.

“சாப்பிட்டுட்டு சொல்றேம்ப்பா.”

மூன்றாம் நாள் நாற்காலி முழுவதிலும் உட்கார்ந்தாள். “அம்மா, முட்டை ஓடு எவ்ளோ கெட்டின்னு காட்டப் போயி, அறிவியல் சார் ஒரு முட்டையை அவர் ஷூவுக்குள்ளயே போட்டு உடைச்சுட்டாரு!”

“கால் உள்ள இருந்துச்சா?”

“அதானே விஷயமே! மணி அடிக்கிற வரைக்கும் சளக் சளக்னு நடந்தாரு.”

அப்பா சத்தமில்லாமல் குலுங்கினார். மகள் இரண்டாவது முட்டையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள், தலையணைக்கடியில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அப்பா பெருமையோடு எழுதினார்: ‘பார்த்தாயா? அட்டவணை வேலை செய்கிறது!’

“அட்டவணை ஒட்டி ரெண்டு வருஷம் ஆச்சுங்க” என்றாள் அம்மா. “உங்க தொண்டை போயி அஞ்சு நாள்தான் ஆகுது.”

அவர் பேனாவை மூடினார்.

எட்டாம் நாள் காலை, குளியலறையிலிருந்து “பெரியோர்களே!” என்று கம்பீரமாக ஒரு குரல் வந்தது. இரவு மகள் உட்காரவே இல்லை. தட்டோடு நேரே அறைப் பக்கம் திரும்பினாள். அப்பா தொண்டையைச் செருமினார். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஏம்மா, அந்த சார் ஷூ அப்புறம் என்னாச்சு?” என்று மகளிடம் கேட்டார்.

மகள் கதவருகே நின்று அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “காய வெச்சிருந்தாரு. எறும்பு குடி வந்துடுச்சு” என்றபடி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. மன்றச் செயலாளர். “வர்ற ஞாயித்துக்கிழமை பேசிடலாமா சார்?”

அப்பா மகளின் தட்டைப் பார்த்தார். இன்னும் பாதி இருந்தது.

“தொண்டை... இன்னும் சரியாகலைங்க” என்றார், கரகரவென்று.

மகள் குபீரென்று சிரித்ததில் உருளைக்கிழங்கு இரண்டு துண்டு பறந்து அவர் சட்டையில் விழுந்தது. மேசை நாகரிகம் குறித்து அவரிடம் இருபது நிமிடப் பேச்சு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அவர் தண்ணீர் குடித்தார்.