ராமநாதன் முதலாளியின் பொனட்

ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ராமநாதன் முதலாளிக்கு, ஐம்பத்தெட்டாவது வயதில் திடீரென்று வேகத்தின் மீது ஆசை வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் சிவப்புக் கார் ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். அவர் குடியிருந்ததோ டிக்கோயாவுக்கு மேலே, தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பழைய துரை பங்களாவில். அங்கிருந்து கடைக்கு வரும் பாதையில் கார் நாற்பதைத் தொடுவதற்குள் ஒரு வளைவு வந்துவிடும். வளைவில்லாத இடங்களில் குழி இருந்தது.

மூன்றாவது வாரம் அந்தக் கார் டிக்கோயாவில் சுதாகரனின் கராஜ் வாசலில் வந்து நின்றது. சுதாகரன் கத்தாரில் ஆறு வருஷம் வாகன மின்வேலை பார்த்துவிட்டு வந்தவன். கம்ப்யூட்டர் வைத்த வண்டி எது மக்கர் செய்தாலும் அவனிடம்தான் வரும். எஞ்சினை மூடும் பொனட், கண்ணாடிப் பக்கமாக அரைச் சாண் தூக்கிக்கொண்டு நின்றது.

"கோயில் வளைவுக் குழியில மூக்கு இடிச்சிச்சு தம்பி. டப்புனு ஒரு சத்தம். பாத்தா இது எந்திரிச்சு நிக்குது," என்றார் முதலாளி.

சுதாகரன் தன் கருவியை மாட்டிப் பார்த்தான்.

"பழுது இல்லீங்க முதலாளி. இது பாதுகாப்புக்கு வெச்சது. முன்னால யாராச்சும் மோதினா, பின் மூலை ரெண்டுலயும் சின்னதா வெடிச்சு பொனட்டைத் தூக்கிவிடும். அடியில இருக்கிற எஞ்சின் இரும்புல தலை அடிபடாம, தகட்டுல மெத்துன்னு விழுவாங்க. குழியில இடிச்சத ஆளுன்னு நெனச்சிருச்சு."

"யாரு தலை?"

"ரோட்டுல நடந்து போறவங்க தலைங்க."

ராமநாதன் சற்று யோசித்தார். சீட் பெல்ட் அவருக்கு, காற்றுப்பை அவருக்கு, அதெல்லாம் நியாயம். ஆனால் தாம் வாங்கிய காரில், முன்பின் தெரியாத எவனோ ஒருவனின் மண்டைக்கு மெத்தை போட்டிருக்கிறார்கள் என்பது அவரை ஆழமாகப் புண்படுத்தியது.

"காரு என்னுது. மெத்தை ரோட்டுல போறவனுக்கா?"

புதிய உதிரிப்பாகம் மாட்டாமல் பொனட் படியாது என்பதால் கொழும்பிலிருந்து வரவழைத்தார். வந்ததும் சொன்னார்: "மாட்டிடு. ஆனா வயரைக் கழட்டி விட்டுடு. குழிக்குக் குழி வெடிச்சா நான் எங்க போறது? மீட்டர்ல வெளக்கும் எரியக் கூடாது."

"இருந்தா நல்லதுங்க முதலாளி. காலையில பொம்பளைங்க எல்லாம் அந்த ரோட்டுலதான்…"

"நான் யாரையும் இடிக்கப் போறேனா? முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு கோழியை இடிச்சதில்ல."

அது உண்மைதான். முப்பது வருஷமும் அவர் ஓட்டியது, கோழிகள் முந்திச் செல்லக்கூடிய ஒரு பழைய வேன்.

வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. வயரைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரை வைத்தான் சுதாகரன். எல்லாம் சரியாக இருப்பதாகக் கார் நம்பியது. முதலாளியும் நம்பினார். கழற்றியவனுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

தட்டை அளைந்துகொண்டிருந்தவனிடம் மனைவி தனுஜா காரணம் கேட்டாள். சொன்னான். தனுஜா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். தினமும் அந்தப் பாதையில்தான் மலைக்குப் போகிறாள். அவள் எழுந்து பக்கத்து வீட்டுக் காளியாயியிடம் போய் அதைச் சொன்னாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தின் சுவர்கள் மெல்லியவை. காளியாயி சொன்னது சுதாகரனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"குளவி கொட்டி விழுந்தோம், சறுக்கி விழுந்தோம். நம்ம தலையைப் பத்தி எவன் நெனச்சான்? எங்கயோ இருக்கிற ஜப்பான்காரன் நெனச்சு ஒரு மெத்தை வெச்சு அனுப்பியிருக்கான். அதையும் உன் புருஷன் புடுங்கிட்டாரா?"

மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் பதிந்துவிட்டு, நாற்பது பெண்கள் பாதையில் இறங்கினார்கள். சுதாகரனும் கராஜுக்குப் போக அவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். பங்களாவிலிருந்து சிவப்புக் கார் வந்து ஹோர்ன் அடித்தது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் ஓரத்துக்கு ஓடுவார்கள். அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி தலையை வெளியே நீட்டினார். "காளியாயி, வழி விடு. கடை தெறக்கணும்."

"தெறங்க முதலாளி. நாங்க தடுக்கலீங்களே. நடந்துதானே போறோம்."

"ஓரமா நடங்க."

"ஓரத்துல தண்ணி ஓடக் கான் வெட்டிக் கெடக்குங்க. விழுந்தா மண்டை ஒடையும். உங்க காருல மண்டைக்கு மெத்தை இருந்திச்சாம், அதையும் கழட்டிட்டீங்களாம். அதான் நடுவால போறோம்."

"யாரு சொன்னது?"

சுதாகரனுக்குத் தேயிலைச் செடிக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. செடி இடுப்பளவுதான் இருந்தது.

"நான்தாங்க முதலாளி," என்றான். "கழட்டுனது நான். நடக்கிறவங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலீங்க."

முதலாளி அவனை முறைத்தார். பிறகு இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடக்கூடிய அந்தக் கார், நாற்பது பெண்களின் பின்னால் முதல் கியரில் உருண்டது. நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள், பாண் ரொட்டி விற்கும் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தது. பெண்கள் மரியாதையாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டு, மறுபடி பாதையை அடைத்துக்கொண்டார்கள். அதை முதலாளியால் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானமே கராஜில் வந்து நின்றார். "மாட்டித் தொலை."

சுதாகரன் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு வயரை மாட்டினான். ஐந்து நாளாக இல்லாத பசி வந்தது. "இனிமே குழியில பாத்துப் போங்க முதலாளி. இடிச்சா திரும்ப வெடிக்கும்," என்று மட்டும் சொன்னான்.

முதலாளி பார்த்துப் போகவில்லை. நேரே பிரதேச சபைக்குப் போய்த் தலைவரைப் பார்த்தார். அந்தக் குழிகளுக்காக லயத்துப் பெண்கள் அதுவரை மூன்று மனு கொடுத்திருந்தார்கள். பிரசவ வலியோடு லயத்துப் பெண் கிருஷாந்தியை ஏற்றிப் போன ஓட்டோ அதே குழியில் கவிழ்ந்தபோதுகூட, நிதி இல்லை என்றுதான் பதில் வந்தது. இப்போது ஒரு ஜப்பான் பொனட் கஷ்டப்படுகிறது என்று தெரிந்ததும் நிதி எங்கிருந்தோ வந்தது. பத்தே நாளில் தார் போட்டார்கள். பங்களா கேட் வரைக்கும்தான். அதற்கு மேலே லயத்துக்குப் போகும் அரை மைல், பழையபடி சேறும் கல்லுமாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காளியாயி கராஜுக்கு வந்தாள். "ஏன் தம்பி, இந்த மாதிரிக் காரு வேற யாருக்காச்சும் வேணுமான்னு கேளேன். அவரை லயத்துக்கிட்ட குடி வெச்சிருவோம்."

சுதாகரன் சிரித்துவிட்டு நாலாவது மனுவை எழுதினான். இந்த முறை முதல் கையெழுத்து ராமநாதன் முதலாளியுடையதாக இருக்கட்டும் என்று இருவரும் பங்களாவுக்குப் போனார்கள். முதலாளி வாசலில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுத்தால் திங்கட்கிழமை காலை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பேனாவை வாங்கினார். காளியாயி தாளைப் பொனட்டின் மேல் விரித்தாள்.

"கீழ ஒரு துணியைப் போடு," என்றார் முதலாளி. "பெயிண்ட்ல கீறல் விழுந்திரும்."