பெயர் எழுதாத கண்ணாடி

சாயம் நன்றாகத்தான் பிடித்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவள் அந்தக் கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பரிசோதனைக்கூடத்தில் புதிதாகச் சாயம் கலக்கும்போதெல்லாம், நோயில்லாத ஒருத்தியின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை முதலில் தோய்த்துப் பார்ப்பார்கள். அங்கே வேலை செய்யும் பெண்களே முறைவைத்துக் கொடுப்பதுண்டு. இந்த முறை அவளுடையது. அதனால் கண்ணாடியில் பெயர் இல்லை. ‘சாயச் சோதனை’ என்று பென்சிலில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

முகம் தெரியாத பெண்களின் செல்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு கண்ணாடியையும் வைக்குமுன் ‘சாமி, இவளைக் காப்பாத்து’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். “நீ போடுற மனுவைப் படிக்கவே மேல தனியா ஒரு ஆபீஸ் வெச்சிருப்பாங்கடி” என்று பக்கத்து மேஜைக்காரி கேலி செய்வாள். வாய் ஓயாத அந்தப் பக்கத்து மேஜைக்காரிக்கு எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. இன்று வெறும் சாயம்தானே என்று அவள் மனு எதுவும் போடவில்லை.

இளஞ்சிவப்பும் நீலப்பச்சையுமாகச் செல்கள் விரிந்து கிடந்தன. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு செல்லின் நடுவே உட்கரு பருத்து, கறுத்து, உலர்திராட்சைபோலச் சுருங்கியிருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லாத வெள்ளை வட்டம். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்து.

வைரஸ் தொற்றின் அடையாளம் அது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே புகுந்த வைரஸ், செல்லைக் கொண்டே தன் புரதங்களைச் செய்துகொள்ளும். கட்டடத்துக்குக் கட்டிய சாரம்போல் செல்லைத் தாங்கி நிற்கும் இழைகள் அவற்றால் சரிந்துபோகும். உட்கருவைச் சுற்றி வெறுமை விழும். செல் கண்டபடி பெருகாமல் காவல் நிற்பவற்றையும் அந்தப் புரதங்கள் பிடித்து முடக்கிவிடும். பெரும்பாலும் உடம்பே வைரஸை விரட்டிவிடும். சிலருக்கு விரட்டாது, சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் தங்கிப் புற்றாகும். இதையெல்லாம் பயிற்சிக்கு வந்த எத்தனையோ பேருக்கு நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். ‘பெரும்பாலும்’ என்று சொல்லும்போது இருந்த தெம்பு இப்போது எங்கே போயிற்று? சொந்த மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடும் கணவன் நினைவுக்கு வந்தான். அவனுக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

“என்னடி, சாயம் எப்படி?” ரேடியோ திரும்பாமலே கேட்டாள்.

“நல்லா இருக்கு.”

பொய்யில்லை. கண்ணாடியை வெளியே எடுத்தாள். உடைந்த கண்ணாடி போடும் வாளி காலடியிலேயே இருந்தது. பெயரும் இல்லை. விரல்களைத் தளர்த்தினால் போதும், யாருக்கும் தெரியாது.

சந்தேகமான கண்ணாடியை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அப்படி வந்தவற்றை அவள் ஒருநாளும் அடுக்கின் அடியில் கிடக்க விட்டதில்லை. “பாவம், அவ காத்துட்டிருப்பா” என்று சொல்லி மேலே எடுத்து வைப்பாள். இப்போது காத்திருப்பது யார்?

கண்ணாடியைத் திரும்ப வைத்தாள். “கொஞ்சம் இங்க வந்து பாரேன்.”

“சாயத்தைப் பாக்க ரெண்டு பேரா? உனக்குத்தான் வேலையில்ல, எனக்குமா இல்ல?” சிரித்துக்கொண்டே வந்த ரேடியோ அவள் முகத்தைப் பார்த்தாள். இது யாருடைய முறை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுபோயிற்று.

“எனக்காக எதையும் பூசி மெழுகாதே. உள்ளதைச் சொல்லு.”

“சரிடி.”

ரேடியோ பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடனே குனியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன.

“சாமி, இவளைக் காப்பாத்து.”

குரலில் கேலி இல்லை.

அந்த மைக்ராஸ்கோப்பில் இருவர் ஒரே சமயத்தில் பார்க்கலாம். இருவரும் குனிந்தார்கள். லென்ஸுக்குள் இடத்தைச் சுட்டும் சின்னப் பச்சை அம்பு, ரேடியோவின் விரலுக்கு இசைந்து, அந்தக் கொத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது. மேஜைக்கு அடியில் ரேடியோவின் இன்னொரு கை அவள் கையைத் தேடிக்கொண்டிருந்தது.