பக்கத்து இருக்கையின் பிரேக்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநரான அவளுக்கு ‘ஹாரன் அக்கா’ என்று பெயர். பயிற்சி வண்டியின் ஹாரன் பழுதானபோதும் அதைச் சரிசெய்ய ஒருவரும் அவசரப்படவில்லை. கற்க வந்தவர் வங்கி மேலாளரே ஆனாலும், கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் தெருமுனைவரை கேட்கும்படி அதட்டுவாள்.

ஒரே ஒரு மாணவரிடம் மட்டும் அவள் குரல் எழுந்ததில்லை. அவர் அவளுடைய கணவர்.

மருந்து நிறுவனமொன்றில் கணக்கராக இருந்த அவருக்கு விற்பனைப் பிரிவில் இடம் காத்திருந்தது. உரிமம் பெற்றால்தான் அது உறுதி. தேர்வில் இருமுறை தோற்றிருந்தார். இருமுறையும் காரணம் ஒன்றே: நிறுத்த வேண்டிய இடத்தில் அவர் நிறுத்தவில்லை. மறுநாள் கடைசி வாய்ப்பு. பயிற்சி வண்டியை ஓட்டியபடியே அவளிடம் சொன்னார்:

“தேர்வு வண்டியில பிரேக் சரியில்லம்மா. நம்ம வண்டியப் பாரு, நெனச்சாலே நிக்குது.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

முன்னால் ஒரு வேன் திடீரெனப் பின்னோக்கி வந்தது. அவருடைய கால் இன்னும் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கையில் வண்டி பதவிசாக நின்றது. அவர் தம் காலைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். பயிற்றுநர் பக்கத்துப் பிரேக்கின்மேல் அவள் செருப்பு அழுந்தியிருந்தது.

“எப்பலேருந்து இது?”

“மொத நாள்லேருந்தே.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“புருஷன நடுரோட்டுல அதட்டுறவன்னு பேர் எடுக்கணுமா? உங்களுக்கும் மூஞ்சி சுருங்கிடும்.”

“பேங்க் மேனேஜரையே அழ வச்சவ நீ. நான் என்ன அவ்வளவு தொட்டாச்சிணுங்கியா?”

“சட்டை கலர் எடுப்பா இல்லன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்தீங்க.”

அவர் சற்று யோசித்தார். “அது புதுச் சட்டை.”

பின்னால் நின்றவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.

“அந்த மேனேஜர்கிட்ட எப்படிப் பேசுவியோ, அப்படியே எங்கிட்டயும் பேசு.”

“அவர சார்னு கூப்பிட்டுத்தான் திட்டுவேன்.”

“சரி, சார்னே கூப்பிடு.”

முதல் தெருவில், “கொஞ்சம் பாத்து…” என்றுதான் வந்தது. அடுத்த திருப்பத்தில் அவர் கண்ணாடியை மறந்தார்.

“சார்! அந்தக் கண்ணாடி என்ன தல சீவவா வச்சிருக்கு?”

நடைபாதையில் சென்ற ஒருவர் தம் தலையைத் தடவிக்கொண்டார். கணவரின் காது சிவந்தது. ஆனால் அடுத்த முனையில் அவர் கண் கண்ணாடிக்கும் கால் பிரேக்குக்கும் உரிய நேரத்தில் சென்றன.

“இந்தக் குரல வச்சுக்கிட்டா வீட்ல குசுகுசுன்னு பேசுற?”

“மருமக வாயில்லாப் பூச்சின்னு உங்கம்மா ஊரெல்லாம் பெருமையடிக்கிறாங்க. அதக் கெடுப்பானேன்?”

மறுநாள் தேர்வுக்கு அவரே ஓட்டிச் சென்றார். அவள் இருக்கையில் சம்மணமிட்டிருந்தாள்.

“காலக் கீழ வையேன், பயமாயிருக்கு.”

“முன்னாடி பாருங்க சார்.”

சிக்னலில் வண்டி கோட்டுக்கு முன்பே நின்றது. தேர்விலும் நின்றது.

அன்று மாலை உரிமம் கிடைத்த களிப்பில், செருப்பை வாசலின் நடுவே உதறிவிட்டு அவர் உள்ளே வந்தார்.

“சார்! இதுவா பார்க்கிங்?”

வீட்டுக்கு யாரோ அதிகாரி வந்திருக்கிறார் போலும் என்று அவருடைய அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எட்டிப்பார்த்தார்.