பனியில் விழுந்த குழி

ஜெனோசனுக்கு அன்று லீவு. பாலேந்திராவே போன கிழமை வாய்திறந்து கொடுத்த லீவு. இருந்தும் விடியற்காலையில் அவன் பனிச்சறுக்குத் தளத்தைச் சீராக்கும் ஐஸ் மிஷினின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். மிஷின் ஊர்ந்து போகப் போக, அடியில் இருந்த கத்தி பழைய பனியை மெல்லிசாகச் சீவியது. பின்னால் தொங்கிய ஈரத்துணி சுடுதண்ணீரைப் பூசிக்கொண்டே வந்தது. பனிச்சறுக்கு நடனப் போட்டி நாள், ஐஸில் ஒரு கீறல் இருக்கக்கூடாது. அதில் மத்தியானம் ஆடப்போகிறவர்களில் அவனும் ஒருவன்.

"மிஷின்காரன் இண்டைக்கும் வரேல்லைத் தம்பி. நீ ஒருக்கா இழுத்து விட்டிட்டுப் போவன். வேற ஆரை நான் கேக்கிறது?" என்று பாலேந்திரா போன் எடுத்தபோது அவன் பல்கூட விளக்கியிருக்கவில்லை. ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஐஸ் ரிங்கில் வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர். இங்கே மனேஜரும் அவரே. வேலை இருப்பதால்தான் காலையில் கதவு திறக்கும் முன் சும்மா ஐஸில் ஏறிப் பழக விடுகிறார்கள். அவன் தன் சறுக்குச் சப்பாத்தைக்கூட எடுக்காமல் ஓடிவந்தான். அம்மா பிறகு கொண்டுவருவாள்.

ஏழு வயதில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்து முதன்முதலாக ஐஸில் ஏறியவன் அவன். மற்றப் பிள்ளைகள் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, அவன் நடுவுக்கே போய்விட்டான். அப்பா சூசைதாசன் லண்டனில் மினிகேப் டாக்சி ஓட்டினார். ஓட்டம் முடித்த கையோடு மகனை வால்தம்ஸ்டோவிலிருந்து ஏற்றிவந்து இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே நித்திரை கொள்வார். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற சனம் அவரை விடாது. "என்ன சூசை, பெடியனுக்குப் பாவாடையும் தைச்சாச்சோ?" என்பார்கள். அவர் சிரித்துச் சமாளிப்பார். இளையோர் போட்டியில் மகன் முதலாவதாக வந்தபோது, அதே வாய்கள் அவனை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்து வாழ்த்தும் போட்டன.

பிறகு சூசைதாசனுக்குப் பாரிசவாதம் வந்தது. கார் போயிற்று. காசில்லாமல், பழக்கிய கோச்சும் போயிற்று. போனைச் சுவரில் சாத்திவைத்து, தன்னைத் தானே படம் எடுத்து, பிழை பார்த்துத்தான் இத்தனை வருசம் ஓடியது. இரண்டு தரம் தேசியப் போட்டியின் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறான். இந்தமுறை முதல் மூவருக்குள் வந்தால் உள்ளே போகலாம். உள்ளே போய்த் தேர்வாளர்களின் கண்ணில் பட்டால் தேசிய அணி, கோச், ஐஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படி இறங்கும்போது முழங்கால் இப்போதே வலிக்கிறது. அடுத்த வருசத்தை நம்ப அவன் தயாராக இல்லை.

மிஷினை நிறுத்திவிட்டு அவன் திருத்தும் அறைப் பக்கம் போனான். சப்பாத்துகளுக்கு அடிக்கத்தியான பிளேட்டைப் பூட்டுவதும் கூர் தீட்டுவதும் அங்கேதான். அதுவும் அவனுடைய வேலைதான். முதல்நாள் முழுக்க மற்றப் போட்டியாளர்களின் பிளேட் ஆணிகளையெல்லாம் அவன் கையால் இறுக்கிக் கொடுத்திருந்தான். வாசலில் பாலேந்திரா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சாவியைத் தா தம்பி."

"அம்மா சப்பாத்தைக் கொண்டு வாறா அண்ணை. ஒருக்கா ஆணியைப் பாத்திட்டுத் தாறனே."

"நீ இண்டைக்குப் போட்டிக்கு வந்த ஆள். போட்டிக்காரர் ஸ்டாஃப் அறைக்குள்ள நிக்கேலாது. ஆரும் கண்டு கதைச்சா எனக்கெல்லோ கரைச்சல்."

"விடியத் தொடங்கி மிஷின்ல நிண்டனான். அப்ப நான் ஆர் அண்ணை?"

"அது ஒரு உதவி. இது ரூல்ஸ். விளங்கிக்கொள்ளடா."

ஜெனோசன் சாவிக்கொத்தைக் கொடுத்தான்.

அம்மா இம்மாகுலேற், ஆஸ்பத்திரி லோண்டரியில் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்ப் புருசனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பையோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். நாள் முழுக்க ஈரத் துணியைக் காயவைக்கிற வேலை. அவர்களுடைய கவுன்சில் வாடகை வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். சுவர்கூட நனைந்திருக்கிற வீடு.

"சப்பாத்து ஊறிப்போய்க் கிடந்தது அப்பன். ஈரத்தோட ஆடினா காலெல்லோ விறைக்கும்? ஹீட்டருக்கு மேல வச்சு விட்டனான். பார், கடுதாசி மாதிரிக் காஞ்சிட்டுது."

அவன் சப்பாத்தைப் பையிலிருந்து எடுத்தான். சூட்டில் தோல் சுருங்கும். தோல் சுருங்கினால் ஆணிக்குப் பிடிமானம் இராது. அதனால்தான் அவன் எப்போதும் பேப்பரைத் திணித்து ஜன்னலடியில் வைப்பான். அதை அம்மாவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிவரும் என்று நினைத்ததுமில்லை. பெருவிரலால் பிளேட்டை அழுத்திப் பார்த்தான். ஆடாதது போல இருந்தது. திருத்தும் அறை பூட்டிக் கிடந்தது.

"நல்லாக் காஞ்சிருக்கம்மா," என்றான்.

அவள் கோத்த மணிகள் பதித்த கறுப்புச் சட்டையோடு அவன் ஐஸில் இறங்கினான். முதல் பாய்ச்சல் சுத்தமாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. சுழற்சியில் மண்டபம் ஒருமுறை கைதட்டியது. அவன் உள்ளுக்குள் சிரித்துவிட்டான். உடம்பு இன்றைக்குத் தன் சொல் கேட்கிறது என்று சந்தோசப்பட்டான். அடுத்த பாய்ச்சலில் மூன்று சுற்றுச் சுற்றி வலதுகாலில் இறங்கியபோது குதிகால் பக்கம் பிளேட் சரிந்தது. பிளேட்டின் முன்பல் ஐஸைக் கிண்டிப் பெரிய குழியாக்க, அவன் பக்கவாட்டில் விழுந்து சறுக்கிக்கொண்டு போனான்.

இசையை நிறுத்தினார்கள். சப்பாத்தைச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்குச் சில நிமிடம் உண்டு. நொண்டிக்கொண்டு வெளியே வந்தவனுக்கு வேறொரு பிள்ளையின் கோச் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள். ஆணி சும்மா சுற்றியது. துளை பெருத்துவிட்டது. பெரிய ஆணி வேண்டும். அது ஒரு டப்பா நிறைய, அவனே அடுக்கிவைத்த தட்டில், அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது.

"பாலேந்திரா அண்ணை எங்க? சாவி! சாவியைக் கேளுங்கோ!"

பாலேந்திரா மேல்மாடியில் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். ரிங்கில் வேலை செய்யும் பெட்டை ஒருத்தி தேடிப் போய் அவரோடு திரும்பி வருவதற்குள், நேரம் முடிந்தது என்று நடுவர் கையை உயர்த்திவிட்டார். ஒலிபெருக்கியில், போட்டியிலிருந்து விலகியவராக அவன் பெயர் வந்தது. அதையும் பிழையாகத்தான் உச்சரித்தார்கள்.

இம்மாகுலேற் கதிரைகளுக்கு நடுவால் இறங்கி ஓடிவந்தாள். "என்னப்பன் நடந்தது? சப்பாத்து ஈரமோ?"

"இல்லையம்மா. பழைய ஆணி. நான் பாக்காமல் விட்டிட்டன்."

அவள் நம்பினாள். அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நல்லகாலம், அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை.

அப்போதுதான் பாலேந்திரா கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கவலைப்படாதை தம்பி, உதெல்லாம் நடக்கிறதுதான். இப்ப நடுவில பெரிய குழி ஒண்டு கிடக்கு. அடுத்த பெடியன் நிக்கிறான். மிஷின்காரனும் இல்லை. உன்னை விட்டா ஆருக்கு அதை அடைக்கத் தெரியும்?" சாவிக்கொத்தை அவன் மடியில் வைத்தார். கூடவே ரிங்க் ஜாக்கெட்டையும் நீட்டினார். "இதைப் போடு. மணிச்சட்டை தெரிய நிண்டா வடிவில்லை."

"அவன் இப்பத்தானே விழுந்து எழும்பினவன், பாலேந்திரா அண்ணை," என்றாள் இம்மாகுலேற்.

"ஓம் தங்கச்சி. நாளைக்கு ஷிப்டும் அவனுக்குத்தான் போட்டு வச்சிருக்கிறன்."

ஜெனோசன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, சீவல் பனியும் தண்ணீரும் குழைத்த வாளியோடு உள்ளே நடந்தான். குழியடியில் முழங்காலை ஊன்றினான். சட்டையிலிருந்து உதிர்ந்த கறுத்த மணி ஒன்று குழிக்குள் கிடந்தது. அதை எடுத்து ஜாக்கெட் பையில் போட்டான். பிறகு கை நிறையப் பனியை அள்ளி வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தடவினான். இறுகும்வரை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். கை சிவந்து மரத்துப்போனது. பொறுமைக்கு நன்றி என்று ஒலிபெருக்கி சனத்திடம் சொன்னது.

வாளியோடு வாசலில் வந்து நின்றான். அடுத்த பெடியனுக்கு இசை தொடங்கியது. பெடியன் வேகமெடுத்து வந்து பாய்ந்து, காற்றில் சுற்றி, குழி இருந்த அதே இடத்தில் இறங்கினான். ஐஸ் அசையவில்லை. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.