வீட்டு எண் இல்லாத பானைகள்

சூடானில், எங்கள் கஸலா நகரில் கொசுப்புழுக் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது, காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நூறு வீடுகளைச் சோதித்தால் ஒரு வீட்டுக்கு மேல் கொசுப்புழு இருக்கக் கூடாது, அப்படி இறக்கிவிட்டால் டெங்கு அடங்கிவிடும் என்று வெளிநாட்டு நிபுணர்கள் திட்டம் வகுத்துக் கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் புழு தேடும் வேலையிலிருந்த நாங்களும் இறக்கிவிட்டோம். ஆனாலும் அந்த வாரம் என் தெருவிலிருந்து மட்டும் பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு, இப்திசாம். நோயாளிங்கதான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கறாங்க" என்று சிரித்தார் மேற்பார்வையாளர் பாபிகர். அவர் மேசையைக் கவிழ்த்துவிட்டு வரலாமா என்றிருந்தது எனக்கு.

பதினோராவது ஆள், பக்கத்து வீட்டுப் பத்தூலின் மகள் ஷாதியா. ஒன்பது வயது. ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. போன மாதம்தான் பத்தூல் வீட்டு டிரம்மில் நாலு புழுவைப் பார்த்துவிட்டு, தெருவே வேடிக்கை பார்க்க அவளைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். "உன் சோம்பேறித்தனத்தாலதான்டி இந்தத் தெருவே படுக்குது!" அன்றைக்கே அவள் டிரம்மைக் கவிழ்த்து வெயிலில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டை மூன்று முறை சல்லடை போட்டுச் சலித்தேன், ஒன்றும் இல்லை. பிறகு இந்தப் பாழாய்ப்போன கொசு எங்கேதான் பிறக்கிறது? எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலவும், எழுந்தால் நடக்க வேண்டும் போலவும் இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க, துனிஸிலிருந்து கொசு ஆய்வாளர் டாக்டர் ஹைஃபா வந்தார். வேகாத வெயிலில் என்னோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று, அங்கிருந்த தர்மத் தண்ணீர்ப் பானையில் மொண்டு குடித்தார். பானைக்குள் பார்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

"இந்தப் பானை எந்த வீட்டோடது?"

"எந்த வீட்டோடதும் இல்ல, டாக்டர். செத்துப் போனவங்களோடது."

அது என் கணவர் தய்யிபின் பானை. நாலு வருஷத்துக்கு முன் அவர் லாரி கவிழ்ந்து இறந்தபோது, அவர் பேரில் நான் வைத்தது. ஒருவர் தாகம் தீர்ந்தால் அந்தப் புண்ணியம் அவரைப் போய்ச் சேரும். அதனால் தினமும் நிரப்புவேன், ஒருநாளும் கொட்ட மாட்டேன். தர்மத் தண்ணீரைக் கொட்ட எங்களில் யாருக்குக் கை வரும்? படிவத்தில் முதல் கட்டம் வீட்டு எண். மரத்தடிப் பானைக்கு ஏது எண்? நாங்கள் யாருமே அதை எழுதியதில்லை.

டாக்டர் டார்ச் அடித்தார். அடியில் புழுக்கள் நெளிந்தன. தெருவில் இப்படி எட்டுப் பானைகள். ஆறில் புழு.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, தய்யிபின் பானையை நானே சாய்த்தேன். நாலு வருஷத் தண்ணீர் மண்ணில் ஓடியது. வாய்விட்டு அழுதேன். மனசு ஆறவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ரத்தம் நின்னுடுச்சு இப்திசாம், புள்ள பொழைச்சுக்கும்னு சொல்லிட்டாங்க" என்று பத்தூல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் தய்யிப் பானையில தண்ணி குடிக்காம இவ பள்ளிக்கூடத்துலேருந்து வீட்டுக்கு வந்ததே இல்ல. அந்தப் புண்ணியவான்தான் காப்பாத்தினாரு."

பேசாமல் திரும்பியிருக்கலாம்.

"அந்தப் பானையிலதான் பத்தூல் கொசு பெருகியிருக்கு. உன் டிரம் கவுந்து ஒரு மாசமாச்சு. இவளைப் படுக்க வெச்சது என் பானையாத்தான் இருக்கும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மகளின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"இதை ஏன் எங்கிட்ட வந்து காதுல ஓதுற?" என்றாள் என்னைப் பார்க்காமல். "என்னைத் திட்டினது தெருவுலதானே? அங்க போய்ச் சொல்லு."

பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். மரத்தடியில் போய் நின்று, இருக்கிற சத்தத்தையெல்லாம் கூட்டி, முதலில் பத்தூலின் பேரைச் சொல்லி, அவள் மேல் தப்பில்லை என்றேன்.