சைன் பதினைந்துக்கு இரண்டு மார்க்கு

விடைத்தாள் திருத்தும் அறையில் மூன்றாம் நாள் காலை அவளுடைய மேசைக்குப் புதிதாக ஒருவரை மாற்றி அனுப்பினார்கள். மனுஷன் உட்கார்ந்தார், கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினார். அது போதாதா? அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

குறிப்பு வாத்தியார்! விடைக்குறிப்பில் இருப்பதைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்காதவர் என்று பிள்ளைகள் வைத்த பெயர். இவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மிதித்தவருக்கா ஞாபகம் இருக்கும்?

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பள்ளித் தேர்வு அது. சைன் பதினைந்தின் சரியான மதிப்பு என்ன என்று கேள்வி. நாற்பத்தைந்தில் முப்பது போனால் பதினைந்து. கழித்தல் சூத்திரத்தில் போட்டு (√3 − 1)/2√2 என்று முடித்திருந்தாள். குறிப்பில் இருந்ததோ (√6 − √2)/4. சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று எழுந்து நின்று சொன்னாள். "குறிப்பு போட்டவங்களைவிட நீ பெரிய ஆளோ?" என்றார். வகுப்பே சிரித்தது.

அந்த இரண்டு மார்க்கில் முதலிடம் போயிற்று. பள்ளிக்கூடம் சிபாரிசு செய்கிற ஒரே இன்ஜினியரிங் இடம் பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் கிடைத்தது. இவள் ஆறு வருஷம் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். பிறகுதான் தபாலில் படித்து டீச்சரானாள். இன்றைக்கு இந்த மேசைக்குத் தலைமை அவள்தான். ஆறு பேர் திருத்துவதைச் சரிபார்ப்பது அவள் வேலை.

அவர் முடித்த முதல் கட்டைப் பிரித்தாள். நான்காவது தாளிலேயே மாட்டிக்கொண்டார். அதே கேள்வி, அதே விடை, அதே சிவப்புக் குறி. அவளுக்குக் கோபம் வரவில்லை, மனசு குளிர்ந்துபோயிற்று. இதற்காகத்தானே இத்தனை வருஷம் கறுவிக்கொண்டு இருந்தாள்.

"சார், இது ஏன் தப்பு?"

"குறிப்புல இப்படி இல்லியேம்மா."

"மேலயும் கீழயும் ரூட் ரெண்டால பெருக்குங்க. அங்க, போர்டுல."

"எதுக்கும்மா அதெல்லாம்? நேரமாகுது."

"நேரம் இருக்கு சார். பெருக்குங்க."

நாற்பது பேர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர் எழுதினார். மேலே √6 − √2 வந்தது. கீழே இரண்டு, பெருக்கல் இரண்டு, நாலு. சாக்பீஸ் அங்கேயே நின்றது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் அவளுக்கு ஆறவில்லை. முந்தின இரண்டு நாளும் அவர் திருத்திய கட்டுகளையெல்லாம் வரவழைத்து அவர் முன்னால் இறக்கினாள்.

"இந்தக் கணக்கைச் சரியா போட்டும் உங்ககிட்ட மார்க்கு பறிகொடுத்தவங்க எத்தனை பேர்னு எண்ணிச் சொல்லுங்க."

மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை. சாயங்காலம் தாள்களோடு வந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பதினொண்ணும்மா. நான் பார்த்திருக்கணும். தப்புதான்."

அவள் ஒவ்வொன்றிலும் சிவப்புக் குறியை அடித்துவிட்டு இரண்டு மார்க்கு போட்டுக் கையெழுத்திட்டாள். பதினோரு பிள்ளைகள் பிழைத்தார்கள். பேனாவை மூடினாள்.

"பன்னெண்டு சார்."

"இல்லம்மா, ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"பன்னெண்டு. ஒண்ணை விட்டுட்டீங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். ஏதோ ஞாபகத்துக்கு வருகிற மாதிரி நெற்றி சுருங்கியது, வரவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் திரும்பிப் போய் உட்கார்ந்து, முதல் கட்டை மறுபடி அவிழ்த்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டார்.

அந்தத் தாள் இந்தக் கட்டுகளில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தேடட்டும்.