கறுத்த அம்மாவின் இடது கை

"நூத்துப் பதிமூணு வருதுடி."

"மறுபடி எண்ணு அக்கா. இருக்கறதைத் தூக்கிட்டுப் போறவன்தான் இந்த ஊர்ல உண்டு. கொண்டாந்து வச்சுட்டுப் போறவனை நான் பாத்ததே இல்ல."

நிமோல் மறுபடி எண்ணினாள். காலையில் கதவைத் திறந்ததும் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் காவலர்கள் செய்கிற முதல் வேலை அது. கூடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி எண்ணுவாள், ஒருத்தி ஏட்டில் எழுதுவாள், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றாவது கூடத்தில் பத்தொன்பது வருஷமாக எண்ணுகிறவள் நிமோல். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறவள் சாரெட். கூடத்துப் பொருள்கள் நூற்றுப் பன்னிரண்டு; கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

கூடின ஒன்று கறுத்த அம்மா சிலையின் பீடத்துக்குக் கீழே கிடந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, இடது கை.

நிமோல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொடாதே அக்கா! தொட்டா பழி உன் மேல வரும்."

"என் மேல என்னடி வரும்? ஐயோ, அம்மா கை..."

"இரு, நான் போய் இயக்குநர் ஐயாவைக் கூட்டிட்டு வரேன். நீ எழுந்து நாற்காலியில உக்காரு. மூஞ்சியைப் பாரு, நீயே கல்லு மாதிரி ஆயிட்ட."

சுவரில் இருக்கிற தகட்டில் அந்தச் சிலைக்கு நீளமாக ஒரு பெயரும் ஒரு நூற்றாண்டும் எழுதியிருக்கிறது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். சண்டைக் காலம் முடிந்தபின் மேட்டுக் கோயிலிலிருந்து மாட்டுவண்டியில் வந்தவள், கறுத்த அம்மா, அவ்வளவுதான். அவள் வந்த நாளிலிருந்து, வருஷப் பிறப்பின் மூன்றாம் நாள் காலையில், வாசல் திறப்பதற்கு முன்னால், காவலர்கள் அவளைக் குளிப்பாட்டுவார்கள். மல்லிகையும் மஞ்சளும் போட்ட தண்ணீர். ஊற்றிவிட்டு, போன வருஷம் தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பார்கள். பொருள்களைத் தொடக்கூடாது என்று பக்கத்திலேயே பலகை இருக்கிறது. அந்தப் பலகை, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு, அம்மா வீட்டு ஆட்களுக்கு இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த வருஷம் இயக்குநர் கொசாலும் வந்திருந்தார். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவருடைய அம்மா ஆசைப்பட்டார்களாம். அவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, முதல் தண்ணீரை அந்த அம்மாதான் ஊற்றினார்கள்.

"தோள்ல ஊத்துங்கடி, தோள்ல! பாவம், வெயில்ல காஞ்சு கிடக்கா."

"பெரியம்மா, அவங்க கூடத்துக்குள்ளதான் இருக்காங்க. தலைக்கு மேல காத்தாடி ஓடுது" என்றாள் சாரெட்.

"எனக்குக் காத்தாடி போதல. அவளுக்கு மட்டும் போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். சாரெட் தன் பங்குக்கு இரண்டு கிண்ணம் ஊற்றிவிட்டு, கைபேசியை எடுத்து எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள்.

அது நடந்து மூன்று வாரத்தில் கை விழுந்தது.

தலைநகரிலிருந்து வீரக் என்று ஒரு இளைஞர் வந்தார். கல் சிலைகளைப் பழுது பார்ப்பதற்குப் படித்தவர். ஒரு நாள் முழுக்க விளக்கை வைத்துக்கொண்டு முழங்கையின் உடைந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இயக்குநர் அறையில் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். மத்தியானத்துக்குள் பேச்சு கூடம் கூடமாகப் பரவிவிட்டது. தண்ணி ஊத்தினதுல போச்சாம். யாரு ஊத்தினது?

சாப்பாட்டு நேரத்தில் நிமோலுக்குச் சோறு இறங்கவில்லை. சாரெட் மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டு அவள் கையில் திணித்தாள்.

"தின்னு. பட்டினி கிடந்தா கை ஒட்டிக்குமா?"

"எல்லாரும் என்னையே பாக்கறாங்கடி. மூணாவது கூடம் நிமோலோடதுன்னு சொல்றாங்க."

"நான் எந்தக் கூடமாம்? எட்டாவதா? எல்லாரும்தானே ஊத்தினோம். ஐயாவோட அம்மா ஊத்தல? எங்கிட்ட படம் இருக்கு."

"இருக்கில்ல? அழிச்சுடலியே?"

"இருக்கு அக்கா. கேட்டா காட்டிட்டுப் போறேன். நான் இருக்கறப்ப உனக்கு என்ன பயம்?"

அந்த ஒரு வார்த்தையில் நிமோலுக்குப் பசியே வந்துவிட்டது. சாரெட்டின் கருவாட்டையும் சேர்த்துத் தின்றாள்.

மறுநாள் இரண்டு பேரையும் இயக்குநர் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு தாள் தட்டச்சு செய்து தயாராக இருந்தது.

"உக்காருங்க நிமோல் அக்கா. நான் சுத்தி வளைச்சுப் பேசல. தலைநகருக்கு அறிக்கை போகணும். யாரு பொறுப்புன்னு ஒரு பேர் கேக்கறாங்க."

"பேரா ஐயா? ஒம்பது பேர் இருந்தோமே."

"மூணாவது கூடத்துக்குப் பொறுப்பு நீங்க. நீங்க தனியாச் செஞ்சீங்க, தெரியாம செஞ்சீங்கன்னு இதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட முடிஞ்சுது. உங்களைத் தோட்டத்துப் பக்கம் மாத்துவேன், வேலை போகாது. போடலன்னா வர்ற மாசம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க என்னால முடியாது."

"நான் தனியாச் செய்யலியே ஐயா. உங்க அம்மாதானே முதல்ல..."

"எங்கம்மாவை இதுல இழுக்காதீங்க."

நிமோல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "சாரெட்டு, நீ சொல்லு. அந்தப் படத்தைக் காட்டுடி."

சாரெட் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன படம் அக்கா?"

"வருஷப் பிறப்பன்னிக்கு நீ எடுத்தது. நேத்துக்கூடச் சொன்னியே."

"நான் எதுவும் எடுக்கல. ஐயா, 'தண்ணி வேணாம் அக்கா, கல்லுக்கு ஆகாது'ன்னு நான் சொன்னேன். இவங்க கேக்கல. நான் தள்ளித்தான் நின்னேன்."

இயக்குநர் தாளை நிமோலின் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு நாள் எடுத்துக்குங்க. யோசிச்சுப் போடுங்க."

வெளியே தாழ்வாரத்தில் நிமோல் சாரெட்டின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னடி சொன்ன உள்ள? என்னடி சொன்ன?"

"கையை எடு அக்கா, பாக்கறாங்க."

"பாக்கட்டும். ரெண்டு கிண்ணம் ஊத்தினியே, அம்மா நெத்தியைத் தொட்டு! அதை இல்லன்னுட்டியே."

சாரெட் அழ ஆரம்பித்தாள். "ஜெயிலுக்கு அனுப்புவாங்கன்னு சொன்னாங்க அக்கா. பழஞ்சிலையை உடைச்சா பத்து வருஷமாம். தண்ணிதான் உடைச்சுதுன்னு அந்தத் தலைநகர் தம்பியே சொல்லிட்டாராம். நான் ரெண்டு கிண்ணம் ஊத்தினவ. பயந்து செத்துட்டேன். படத்தை நேத்து சாயங்காலமே அழிச்சுட்டேன். எனக்கு வேற வழி தெரியல. நீ தனி ஆளு. எனக்குப் பொண்ணு இருக்கா."

நிமோல் பிடியை விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான். பயம். பயந்தவளை என்ன செய்ய முடியும்? நாமும் பயந்த காலம் உண்டு, சொந்த அண்ணன் பெயரைக்கூட வாயைத் திறந்து சொல்லாத சண்டைக் காலம். தோட்டத்தில் இலை கூட்டினால் என்ன குறைந்துவிடும்? தண்ணீர் ஊற்றினது உண்மைதானே. அவள் கையால் ஊற்றின தண்ணீரும் அந்தக் கைமேல் வழிந்ததுதானே. பத்தொன்பது வருஷம் ஊற்றியிருக்கிறாள்.

மறுநாள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று. போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று கூடத்துக்குப் போனாள். வீரக் பீடத்தருகே உட்கார்ந்து கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானப் பேருந்தில் கிளம்புகிறாராம்.

"தம்பி, அந்தக் கை மறுபடி ஒட்டுமா?"

"ஒட்டும்மா. மழைக்காலத்துக்கு அப்புறம் வந்து ஒட்டறேன். இந்தத் தடவை இரும்பு வைக்கமாட்டேன்."

"இரும்பா?"

"உங்களுக்குச் சொல்லலியா?" அவர் கையின் உடைந்த முனையைக் காட்டினார். நடுவில் துருப்பிடித்த கம்பி ஒன்று, அழுகின பல்வேர் போல. "இந்தக் கை முன்னாடியே ஒரு தடவை உடைஞ்சிருக்கு. எழுபது வருஷம் முன்னாடி யாரோ இரும்புக் கம்பியைச் சொருகி ஒட்டியிருக்காங்க. அன்னிலேந்து துரு பிடிச்சு, உப்பி, கல்லைப் பிளந்திருக்கு. என்னிக்கோ விழுந்திருக்க வேண்டியது."

"தண்ணி ஊத்தினதுல இல்லையா?"

"தண்ணி நல்லதில்லம்மா, இனிமே ஊத்தாதீங்க. ஆனா மூணு வாரம் முன்னாடி ஊத்தின தண்ணில இவ்வளவு துரு வராது. ஊத்தாம இருந்தாலும் விழுந்திருக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாதுன்னு உங்க இயக்குநர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனே."

"ஐயாகிட்ட மட்டும்தானா தம்பி?"

"அவரும் நானும்தான். அப்புறம் உங்ககூட இந்தக் கூடத்துல இருக்காங்களே, அவங்க தேநீர் கொண்டுவந்து கொடுத்துட்டு நின்னாங்க. 'அப்ப எங்க மேல தப்பு இல்லையா'ன்னு அவங்களே கேட்டாங்க. இல்லைம்மான்னு சொன்னேன். என்ன ஆச்சு? ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. பேருந்துக்கு நேரமாகுது, கிளம்புங்க."

சாரெட் கூடத்து வாசலில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். நிமோல் பிள்ளைகள் உள்ளே போகிறவரை காத்திருந்தாள்.

"தேநீர் கொண்டு போனியாமே, அன்னிக்கு."

சாரெட்டுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் வெளுத்ததிலேயே தெரிந்தது.

"அக்கா, ஐயாதான் சொன்னாரு, அவங்க அம்மா பேரு வந்துடக்கூடாதுன்னு. யாராவது ஒருத்தர் ஒத்துக்கிட்டா போதும், வேலையும் போகாதுன்னாரு. தோட்டத்துல நிழலாத்தான் இருக்கும்..."

"ஜெயில்னு அழுதியே."

சாரெட் பிள்ளைகள் போன பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன குடுத்தாரு?"

"என் பொண்ணுக்கு. வழிகாட்டி வேலை. வெளிநாட்டுக்காரங்களுக்குச் சுத்திக் காட்டற வேலை. ரெண்டு வருஷமா கேட்டுட்டிருந்தேன், உனக்கே தெரியும்."

"தெரியும். ஒவ்வொரு தடவையும் மனு எழுதிக் குடுத்தது நான்தானே."

நிமோல் இயக்குநர் அறைக்குப் போனாள். தாளை மேஜைமேல் விரித்து வைத்தாள். கையெழுத்துப் போடுகிற இடம் காலியாக இருந்தது.

"யோசிச்சீங்களா அக்கா?"

"யோசிச்சேன் ஐயா. அந்தத் தம்பிகிட்டயும் கேட்டேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் அறிக்கை அவரோடது. நிர்வாக அறிக்கை வேற. போடலன்னா இந்த மாசத்தோட சரி."

"சரி ஐயா."

"ஐம்பத்தாறு வயசுல வேற எங்க வேலை குடுப்பாங்க உங்களுக்கு? ஒரு கையெழுத்து."

"அம்மா கையை உடைச்சவன்னு ஊரே சொல்லும். அதைக் கேட்டுக்கிட்டு அவ வீட்டுத் தோட்டத்துலயே இலை கூட்டச் சொல்றீங்க. உடைக்காதவளா வெளிய போறேன், விடுங்க."

மாதக் கடைசி வரைகூட அவள் இருக்கவில்லை. சாவியை எழுத்தரிடம் கொடுத்தாள், சீருடைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளி வாசல் வரை சாரெட் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, திட்டிட்டாவது போ. செருப்பால அடி. ஒரு வார்த்தை பேசு அக்கா. எம் பக்கத்தையும் கேளு."

நிமோல் நின்றாள். திரும்பவில்லை.

"கேக்கமாட்டேன். நீ சொன்னா நம்பிடுவேன்டி."

சாலையில் ஒரு வண்டிக்காரன் எங்கே போகணும் என்று கேட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஆற்றுப் பக்கமாக நடந்தாள்.